ஷெனண்டோவா மலை ஓடைகளில் டிரவுட்: எந்தப் பருவத்தில் எந்த ஃப்ளை?

வட வர்ஜீனியாவில் குடியேறியிருக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் அக்டோபரில் ஒரு நாள் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போய், இலைகள் சிவந்திருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்த மலைத்தொடரின் இரு சரிவுகளிலும் இறங்கும் ஓடைகளில் புரூக் டிரவுட் என்ற மீன் இருக்கிறது. பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்டதல்ல. அங்கேயே பிறந்து அங்கேயே முட்டையிடும் காட்டு மீன். பெரும்பாலும் உள்ளங்கை நீளம்தான். ஒன்பது அங்குலம் கிடைத்தால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். ஆஷ்பர்ன், ஹெர்ண்டன் பக்கத்திலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணத்தில் இப்படி ஒரு மீன் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இதைப் பிடிக்கத் தேவையானது ஃப்ளை. தூண்டில் முள்ளின் மேல் நூலும் இறகும் விலங்கு மயிரும் சுற்றி, பூச்சிபோல் தோன்றும்படி கட்டிய போலி இரை. புதிதாக வருபவர் திணறும் இடமும் இதுதான். கடைக்குள் நுழைந்தால் அறை அறையாகப் பிரித்த தட்டுகளில் நூற்றுக்கணக்கான ஃப்ளைகள். இணையத்தில் தேடினால் கிடைக்கும் பூச்சி அட்டவணைகள் பெரும்பாலும் பெரிய ஆறுகளுக்காக எழுதப்பட்டவை. அவற்றை நெட்டுருப் போட்டுக்கொண்டு அலைந்து அலுத்த பிறகுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று: இந்தச் சின்ன ஓடைகளில் எந்த ஃப்ளை என்பதை முடிவு செய்வது நீரின் வெப்பநிலை. நாள்காட்டி அதற்கு அடுத்தபடி. பூச்சியின் பெயர் அதற்கும் அடுத்தபடிதான்.

காரணம் எளிது. இந்த மலை நீரில் சத்துக் குறைவு. பூச்சிகளில் வகை உண்டு, எண்ணிக்கை இல்லை. மிதந்து வருவது எதுவானாலும் வாயில் வாங்கிப் பார்த்தால்தான் மீனுக்குப் பிழைப்பு. அதனால் ஐம்பது வகை ஃப்ளை வேண்டாம். ஒன்பது வகை போதும்.

1. முதலில் உரிமம், நுழைவுக் கட்டணம்

பதினாறு வயதும் அதற்கு மேலும் உள்ள எவரும் பூங்காவுக்குள் மீன் பிடிக்க வர்ஜீனியா மாநிலத்தின் நன்னீர் மீன்பிடி உரிமம் வைத்திருக்க வேண்டும். மாநில வனவிலங்கு வளத் துறையின் இணையதளத்தில் வாங்கலாம். பத்து நிமிட வேலை. நான் இதை எழுதும்போது ஆண்டு உரிமம் மாநிலவாசிகளுக்கு 23 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 47 டாலர். வாங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும். வர்ஜீனியாவில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவர்கள் மாநிலவாசிகளாகக் கணக்கில் வருவார்கள். இதில் வேறு பிரிவுகளும் இருப்பதால், பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தில் உள்ள தகுதிப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள். ஓட்டுநர் உரிமம் கையருகே இருக்கட்டும்.

இங்கே மூன்று பொறிகள்.

ஒன்று, ‘டிரவுட் உரிமம்’ என்று தனியாக ஒன்று விற்பார்கள். அது பண்ணை மீனைக் கொண்டுவந்து விடும் நீர்நிலைகளுக்கானது. பூங்காவின் காட்டு ஓடைகளுக்குத் தேவையில்லை. பெயரைப் பார்த்துவிட்டுச் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

இரண்டு, உரிமம் ஆளுக்கு ஒன்று. ‘கொடுங்கள், ஒரு தடவை வீசிப் பார்க்கிறேன்’ என்று உங்கள் மனைவியோ கணவரோ நண்பரோ கோலை வாங்கினால் அவரும் மீன் பிடிப்பவர்தான். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு உரிமம் வேண்டாம்.

மூன்று, பூங்கா நுழைவுக் கட்டணம். மலை உச்சியில் போகும் ஸ்கைலைன் டிரைவ் வழியாக நுழைந்தால்தான் காசு என்று பலர் நினைக்கிறார்கள். ஒயிட் ஓக் கேன்யன் போன்ற அடிவார வழிகளில் நுழைந்தாலும் கட்டணம் உண்டு. ஒரு காருக்கு ஏழு நாளுக்கு 30 டாலர், இந்தப் பூங்காவுக்கு மட்டுமான ஆண்டு அட்டை 55 டாலர். ஆண்டில் இரண்டு முறை போவதாக இருந்தாலே அட்டை லாபம். கட்டணங்கள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பதில்லை. உரிமத்தையும் வரைபடத்தையும் வீட்டிலேயே பதிவிறக்கி வையுங்கள். அச்சிட்டு எடுத்துப் போனால் இன்னும் நல்லது.

விதிமுறையில் முக்கியமானது: ஒற்றை முள் கொண்ட செயற்கை இரை மட்டுமே அனுமதி. மண்புழு, மாவு உருண்டை, வாசனைப் பசை எதுவும் கூடாது. எந்த ஓடையில் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம், எதில் உடனே விட்டுவிட வேண்டும் என்று பூங்கா பட்டியல் வெளியிடுகிறது. ராப்பிடான் ஆறும் அதில் சேரும் ஸ்டான்டன் ஓடையும் விட்டுவிட வேண்டிய வகை. என்னைக் கேட்டால் எல்லா ஓடையிலும் விட்டுவிடுங்கள். ஆறு அங்குல மீனைக் கொன்று குழம்பு வைத்து யாருக்கும் வயிறு நிறையப் போவதில்லை.

2. வெப்பமானி வாங்குங்கள், ஃப்ளைக்கு முன்பே

பத்துப் பதினைந்து டாலருக்கு ஓடை வெப்பமானி கிடைக்கும். ஒரு நூலில் கட்டி, நிழலில், நீர் ஓடும் இடத்தில் இரண்டு நிமிடம் அமிழ்த்திப் பாருங்கள். கரையோரத்தில் தேங்கிக் கிடக்கும் நீரில் பார்த்தால் பொய்க் கணக்கு வரும்.

40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே என்றால் மீன் அடியில் ஒடுங்கிக் கிடக்கும், மேலே வராது. 40 முதல் 50 வரை நீருக்கடியில் போகும் ஃப்ளை. 50 முதல் 65 வரை மிதக்கும் ஃப்ளைக்குப் பொற்காலம். 65-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 68-ஐத் தொட்டால் கோலை மடக்கிக் காருக்குத் திரும்பிவிடுங்கள். புரூக் டிரவுட் குளிர்நீர் மீன். வெந்நீராகிவிட்ட ஓடையில் பிராணவாயு குறைந்திருக்கும்போது தூண்டிலில் போராடிய மீனைப் பக்குவமாக விட்டாலும் அது பிழைப்பது சந்தேகம். வெயிலும் வறட்சியும் மிஞ்சும் கோடைகளில் பூங்கா நிர்வாகமே மீன்பிடிப்பை நிறுத்திவைப்பதுண்டு. ஜூலை, ஆகஸ்டில் கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்புப் பக்கத்தைப் பார்க்காமல் எண்பது மைல் ஓட்டாதீர்கள்.

இந்த எண்கள் நேரத்தையும் முடிவு செய்கின்றன. மீன் பிடிக்க விடியற்காலையில் போக வேண்டும் என்ற நம் ஊர் நினைப்பு மார்ச்சில் செல்லாது. அப்போது காலை ஏழு மணி நீர் உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும். மதியம் பன்னிரண்டு முதல் நான்கு வரைதான் வேலை. ஜூலையில் அப்படியே தலைகீழ்: விடிந்ததும் இறங்கி, பத்து பதினொரு மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

3. பெட்டியில் வைக்க வேண்டியவை, விலை

முதலில் எண் கணக்கு. தூண்டில் முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும்: 12 பெரியது, 18 சின்னது. இந்த ஓடைகளுக்கு 14, 16 இரண்டும் உயிர்நாடி. லீடர் எனப்படும் நுனி நரம்பில் ‘5எக்ஸ்’ போதும். நீர் வற்றித் தெளிந்திருக்கும் கோடைக்கும் இலையுதிர் காலத்துக்கும் ‘6எக்ஸ்’. அங்கேயும் எண் கூடினால் நரம்பு மெலியும்.

ஒரு ஃப்ளை இரண்டரை முதல் நான்கு டாலர் வரை. நான் பரிந்துரைக்கும் தொகுப்பு:

- பாராசூட் ஆடம்ஸ்: 14-ல் மூன்று, 16-ல் மூன்று
- மிஸ்டர் ராப்பிடான்: 14-ல் மூன்று
- பழுப்பு எல்க் ஹேர் கேடிஸ்: 14-ல் இரண்டு, 16-ல் இரண்டு
- மஞ்சள் ஸ்டோன்ஃப்ளை, அதாவது யெல்லோ சாலி: 14 அல்லது 16-ல் மூன்று
- நுரைப் பொருளில் செய்த கறுப்பு வண்டு: 14-ல் மூன்று
- கறுப்பு எறும்பு: 16-ல் இரண்டு
- பச்சைப் புழு: 12-ல் இரண்டு
- ஃபெசன்ட் டெயில், நீருக்கடியில் போவது: 16-ல் மூன்று
- ஹேர்ஸ் இயர், இதுவும் அடியில் போவது: 14-ல் மூன்று

மொத்தம் 29. மூன்று டாலர் சராசரி வைத்தால் 90 டாலருக்குள் முடியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். மார்ச்சில் தொடங்குகிறீர்கள் என்றால் ஆடம்ஸ், ராப்பிடான், ஹேர்ஸ் இயர் மூன்றும் போதும். நாற்பது டாலருக்குள் அடங்கும். மற்றவற்றை மே மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பொறி: ‘நூறு ஃப்ளை இருபது டாலர்’ என்று வரும் பெட்டிகள். இறகு இரண்டு வீச்சில் பிரிந்துவிடும், முள் நிமிர்ந்துவிடும். அதைவிட, அவற்றில் பாதிக்கு மேல் நமக்குத் தேவையில்லாத அளவு. இன்னொரு பக்கம், ஒரு கடையில் எனக்கு விரல் நீளத்தில் ஸ்ட்ரீமர் என்ற மீன்குஞ்சு வடிவ ஃப்ளைகளை நீட்டி, ‘இது இல்லாமல் போகாதீர்கள்’ என்றார்கள். ஐந்தாறு அங்குல மீன் குடியிருக்கும் ஓடைக்கு அது அதிகப்படி.

கோல் ஏழு அல்லது ஏழரை அடி, ‘3 வெயிட்’ (கோலுக்குப் பொருந்தும் லைனின் எடையைக் குறிக்கும் எண்). தலைக்கு மேலே மரக்கிளை கவிந்திருக்கும் ஓடையில் ஒன்பது அடிக் கோல் இடிக்கும். கோல், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த தொகுப்பு நூறு முதல் இருநூறு டாலரில் கிடைக்கும். அதற்கு மேல் செலவழிக்கும் காரணம் எதுவும் இந்த ஓடையில் இல்லை.

கடைசியாக, வாங்கி வந்த அன்றே, முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் குட்டி முள்ளைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீனை விடும்போது காயம் குறையும். உங்கள் காதில் மாட்டினாலும் எளிதாகக் கழன்று வரும்.

4. மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதி வரை: குவில் கோர்டன்

ஆண்டிலேயே பூச்சியின் பெயரைத் தெரிந்துகொள்வது பயன்படும் ஒரே காலம் இதுதான். அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மார்ச் நடுவில் நீர் 50 டிகிரியைத் தொட்டு, இரண்டு மூன்று நாள் அந்த அளவில் நின்றால் குவில் கோர்டன் என்ற மேஃப்ளை வகை நீர்ப்பூச்சி வெளிவரத் தொடங்கும். மார்ச் 15 என்று தேதி குறித்துக்கொண்டு போனால் ஏமாறலாம். குளிர் நீண்ட ஆண்டில் ஏப்ரல் தொடக்கம் வரை தள்ளிப்போகும். தாழ்ந்த பகுதியில் முதலிலும் மேலே போகப் போகப் பிந்தியும் வரும்.

வந்துவிட்டதா என்று அறிய ஓடை நடுவில் சலசலக்கும் இடத்திலிருந்து கையளவுக் கல் ஒன்றைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான, கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்புப் பூச்சி ஒன்று நண்டுபோல் பக்கவாட்டில் நகரும். வாலை எண்ணுங்கள். மேஃப்ளை இளம்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வால், இதற்கு இரண்டு. வயிற்றின் இருபுறமும் இலை இலையாகச் செவுள்கள் அசைவது தெரியும். முதுகில் இறக்கை முளைக்கும் இடம் நன்றாகக் கறுத்திருந்தால் ஒன்றிரண்டு நாளில் பறக்கப்போகிறது என்று பொருள். பார்த்து முடித்ததும் கல்லை இருந்த மாதிரியே வைத்துவிடுங்கள்; அது அவற்றின் வீடு. இதே கல்லில் இரண்டு வால் உள்ள ஸ்டோன்ஃப்ளை என்ற வேறு வகை நீர்ப்பூச்சிகளும் இருக்கும். ஆனால் அவற்றுக்கு வயிற்றோரத்தில் இந்த இலைச் செவுள் வரிசை கிடையாது, மீசை நீளம்.

இந்தப் பூச்சியிடம் ஒரு விசேஷம் உண்டு. மற்ற மேஃப்ளைகள் பெரும்பாலும் நீரின் மேல்மட்டத்துக்கு வந்துதான் தோலை உரித்து இறக்கை விரிக்கும். குவில் கோர்டன் அடியிலேயே தோலை உரித்துவிட்டு, இறக்கையோடு நீருக்குள் மேலே ஏறி வருகிறது. ஆகவே மேலே ஒரு பூச்சிகூடத் தெரியாத பன்னிரண்டு மணிக்கே அடியில் மீன்கள் விருந்தில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஹேர்ஸ் இயர் 14-ஐ மிதக்க வைக்கும் மருந்து எதுவும் தடவாமல் நீரோட்டத்தின் ஓரமாக இறக்கி, ஓட்டத்தோடு போகவிட்டு, கடைசியில் லேசாக மேலே தூக்குங்கள். பெரும்பாலும் அந்தத் தூக்கலில்தான் கவ்வும்.

ஒரு மணிக்கு மேல் பூச்சிகள் நீர்மேல் கப்பல்போல் இறக்கையை நிமிர்த்தி மிதக்கத் தொடங்கினால் மிதக்கும் ஃப்ளைக்கு மாறுங்கள். மிஸ்டர் ராப்பிடான் 14 இதற்கென்றே இந்தப் பக்கத்து மீன்பிடி ஆசிரியர் ஹாரி மர்ரே உருவாக்கியது. மஞ்சள் இறக்கை வைத்திருப்பார். மீனுக்காக அல்ல, நுரைத்தோடும் நீரில் நம் கண்ணுக்குத் தெரிவதற்காக. கண்ணுக்குத் தெரியாத ஃப்ளையை மீன் கவ்வித் துப்பிவிட்டுப் போனாலும் நமக்குத் தெரியாது. எனவே இரண்டு ஃப்ளையில் எது என்ற குழப்பம் வந்தால் எது நன்றாகத் தெரிகிறதோ அதையே கட்டுங்கள்.

இதே வாரங்களில் ப்ளூ குவில் என்ற சிறிய மேஃப்ளையும் பறக்கும். அதற்கு ஆடம்ஸ் 16. 14-ஐ மீன் நெருங்கி வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பினால், வகையை மாற்றாமல் அளவை 16-ஆகக் குறைத்துப் பாருங்கள். ஏப்ரலில் மார்ச் பிரவுன் என்ற பெரிய பூச்சி வரும். பெயரைப் பார்த்து மார்ச்சில் தேடாதீர்கள். ராப்பிடான் 14-ஏ அதற்கும் பொருந்தும்.

மழை பெய்த மறுநாள் ஓடை கலங்கிப் பெருக்கெடுத்திருக்கும். ராப்பிடான் ஆற்றில், மலைக்குக் கீழே ரக்கர்ஸ்வில் அருகே அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் நீரளவு நிலையம் இருக்கிறது. அதன் வரைபடத்தை இணையத்தில் பார்க்கலாம். மலைமேல் உள்ள அளவு அது அல்ல. ஆனால் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தாலே போதும். இறங்கத் தொடங்கிய மறுநாள் கிளம்புங்கள். மேல் ஓடைகள் சீக்கிரம் தெளிந்துவிடும்.

5. மே முதல் ஜூன் நடு வரை: எதைப் போட்டாலும் ஓடும் காலம்

புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. நீர் 55 முதல் 62 வரை, அளவும் போதுமானது, நாள் முழுதும் மீன் மேலே வரும். கேடிஸ் என்ற நீர்ப்பூச்சி பறப்பது மே முழுதும் உண்டு: எல்க் ஹேர் கேடிஸ் 14 அல்லது 16. மே நடுவுக்கு மேல் வெளிர் மஞ்சள் பூச்சிகள் மாலையில் ஓடைக்கு மேலே பறப்பதைப் பார்த்தால் யெல்லோ சாலி. நிறத்தை மட்டும் கவனித்தால் போதும்: மார்ச்சில் சாம்பலும் பழுப்புமாக இருந்த பூச்சிகள் ஜூனை நோக்கிப் போகப் போக வெளுத்து மஞ்சளாகும். உங்கள் ஃப்ளையும் அப்படியே வெளுத்துக்கொண்டு போகட்டும்.

மே இறுதியில் ஓக் மரங்களிலிருந்து பச்சைப் புழுக்கள் நூலில் தொங்கி இறங்கும். உங்கள் தொப்பியிலும் ஒன்றிரண்டு ஊரும். ஓடையில் விழும் ஒவ்வொன்றும் மீனுக்குப் போகும். பச்சைப் புழு ஃப்ளையைக் கிளைக்கு நேர் கீழே, ‘பொத்’ என்று விழும்படி போடுங்கள். மென்மையாக இறக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். இங்கே அது வேண்டாம்.

உண்ணிகளும் இதே காலத்தில்தான். உண்ணி கடித்துத் தொற்றும் லைம் நோய் இந்தப் பகுதியில் உண்டு. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள்.

6. ஜூன் நடு முதல் செப்டம்பர் வரை: வண்டும் எறும்பும்

நீர்ப்பூச்சிகள் ஓய்ந்துவிடும். இனி மீனுக்கு உணவு மரத்திலிருந்து விழுவதுதான். அதனால் முதல் ஃப்ளை கறுப்பு வண்டு 14. அது செல்லாவிட்டால் எறும்பு 16. வெட்டுக்கிளி ஃப்ளையைக் கடைக்காரர் சேர்த்து விற்பார். அது புல்வெளி நடுவே ஓடும் ஆறுகளுக்கு. இந்த ஓடைகள் அடர்காட்டுக்குள் ஓடுகின்றன. கறுப்பு வண்டு நிழலில் கண்ணுக்குத் தெரியாது. முதுகில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் புள்ளி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். மீன் கீழேயிருந்து பார்ப்பதால் அந்தப் புள்ளி அதற்குத் தெரியாது.

நீர் முழங்காலுக்குக் கீழே வற்றிக் கண்ணாடியாகக் கிடக்கும். நிமிர்ந்து நடந்தால் உங்கள் நிழலே மடுவைக் காலிசெய்துவிடும். பாறைக்குப் பின்னால் மண்டியிட்டு வீச வேண்டியிருக்கும். சிவப்புச் சட்டை, வெள்ளைத் தொப்பி வேண்டாம். பாறையில் கைவைக்கும் முன் பாருங்கள். டிம்பர் ராட்டில்ஸ்நேக் என்ற விரியன் வகைப் பாம்பும் வெயில் காயும் இடங்கள் அவை.

வெப்பமானியை ஒவ்வொரு மணிக்கும் நனையுங்கள். அடிவாரத்தில் 66 காட்டினால் ஆயிரம் அடி மேலே ஏறிப் பார்க்கலாம். ஊற்று நீர் சேரும் இடங்களில் நான்கைந்து டிகிரி குறைவாக இருப்பதுண்டு. அங்கேயும் 68 என்றால் அந்த நாளை நடைப்பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

7. அக்டோபர், நவம்பர்: ஃப்ளையைவிடக் கால் முக்கியம்

அக்டோபர் தொடக்கத்தில் வண்டும் எறும்பும் இன்னும் செல்லும். ஆடம்ஸ் 18 இரண்டு வாங்கி வைத்தால் சின்ன சாம்பல் பூச்சிகள் பறக்கும் மேகமூட்டமான மதியங்களுக்கு உதவும். எரிச்சலூட்டுவது இலைகள்தான். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை ஒரு மேப்பிள் இலையைப் பிடிப்பீர்கள்.

ஆனால் புரூக் டிரவுட் முட்டையிடும் காலம் இது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரை. மடுவின் கடைசிப் பகுதியில், நீர் வேகமெடுக்கும் முன், பாசி படிந்த தரைக்கு நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெளுத்துச் சுத்தமாக இருக்கும் சரளைக்கல் திட்டைப் பார்த்தால் அது பெண்மீன் வாலால் கிளறித் தயார் செய்த முட்டைக் குழி. அதில் கால் வைத்தால் ஒரு தலைமுறையை மிதிக்கிறீர்கள். குஞ்சுகள் கடைசிக் குளிரில் வெளிவரும் வரை முட்டைகள் அங்கேதான் இருக்கும். எனவே நவம்பர் முதல் மார்ச் வரை கூடுமானவரை கரையிலும் பாறையிலும் மட்டும் நடங்கள். வயிறு செக்கச் சிவந்து, மடுவின் ஆழமில்லாத இடத்தில் இணையாக நிற்கும் மீன்களுக்கு எந்த ஃப்ளையும் போடாதீர்கள். சட்டப்படி ஆண்டு முழுதும் திறந்திருக்கிறதே என்று கேட்கலாம். நான் அக்டோபர் இருபதுக்கு மேல் கோலை எடுப்பதில்லை.

8. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை

போகாமல் இருப்பது நல்லது. போயே தீருவேன் என்றால், வெயில் அடித்து நீர் 40-ஐத் தாண்டும் நாளில், மதியம் ஒன்று முதல் மூன்று வரை, ஃபெசன்ட் டெயில் 16-ஐ ஆழமான மடுவின் அடியில் மிக மெதுவாக ஓடவிடுங்கள். பனிமேல் குட்டிக் கறுப்பு ஸ்டோன்ஃப்ளைகள் ஊர்ந்தால் அதே ஃப்ளையைக் கறுப்பில் போடலாம். பாறைகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். தனியாகப் போகாதீர்கள்.

9. மீன் கவ்வவில்லையா? ஃப்ளையை மாற்றும் முன்

புதியவர் பத்து நிமிடத்துக்கு ஒரு ஃப்ளையை மாற்றுவார். இந்த ஓடைகளில் பெரும்பாலும் குற்றம் ஃப்ளையின் மேல் இல்லை. இந்த வரிசையில் சரிபாருங்கள்.

முதலில், நிற்கும் இடம். மீன் நீர் வரும் திசையை நோக்கி நிற்கும். நீங்கள் கீழிருந்து மேல் நோக்கி ஏற வேண்டும். மடுவின் கீழ்க்கடைசியில் முதல் வீச்சைப் போடுங்கள். தலைப்பகுதியில் உள்ள பெரிய மீனுக்கு ஆசைப்பட்டு நேராக அங்கே வீசினால், கடைசியில் நிற்கும் பொடியன் மிரண்டு மேலே பாய்ந்து எல்லோரையும் கலைத்துவிடுவான்.

இரண்டாவது, இழுவை. நடுவில் ஓடும் வேகநீர் நூலைப் பிடித்து இழுக்க, ஃப்ளை மோட்டார் படகுபோல் கோடு கிழித்துக்கொண்டு போகும். எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது. கோலை உயர்த்தி, நூல் நீரில் படாமல் ஃப்ளை மட்டும் படும்படி பிடியுங்கள். பத்துப் பதினைந்து அடிக்கு மேல் இங்கே வீசவே தேவையில்லை.

மூன்றாவது, அளவு. ஒரு எண் சிறிதாக்குங்கள்.

அதன் பிறகுதான் வகை. ஒரே மடுவில் ஐந்தாறு வீச்சுக்குப் பிறகும் அசைவில்லை என்றால் மடுவை மாற்றுவது ஃப்ளையை மாற்றுவதைவிடப் பலன் தரும். அடுத்த மடு இருபது அடிதான்.

மீன் கிடைத்ததும் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். படம் எடுப்பதாக இருந்தால் கேமராவைத் தயார் செய்யும் வரை மீன் நீருக்குள்ளேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ளைப் பெட்டியைத் திறந்து ஒரு இரவு காயவிடுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒரு வாரத்தில் முள் துருப்பிடிக்கும். துருப்பிடித்த முள் மெல்லிய நரம்பையும் அறுக்கும். மரக்கிளையில் விட்டு வந்தவற்றை எண்ணி, அதே அளவுகளில் மார்ச் முதல் வாரத்துக்குள் வாங்கி நிரப்பிவிடுங்கள்.